காசு உள்ளே இருக்கத் திருப்பி அனுப்பிய செக்

திரும்பிய காசோலைகளைப் பற்றி, வங்கியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி பயிற்சிப் பிரிவில் கேட்டார்கள். சட்டத்தை வேறொருவர் திரையில் படம் போட்டுக் காட்டியிருப்பார். வாடிக்கையாளரின் பணம் நம்மிடம் இருக்கும்போது அவர் எழுதிய காசோலையை மறுத்தால் அது ஒப்பந்த மீறல், நட்டஈடு கொடுக்க வேண்டும். அவர் வியாபாரியாக இருந்தால், இத்தனை ரூபாய் நட்டம் என்று கணக்குக் காட்டாமலே கேட்கலாம். வியாபாரிக்குப் பெயர்தான் முதலீடு என்பதால் அப்படி. இதை அப்படியே பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும். நானும் எழுதிப் புள்ளி வாங்கியவள்தான். பல வருஷம் கழித்து அதே கையால்தான் தப்பைச் செய்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது. மாத்தளைக் கிளையில் நான் இரண்டாம் அதிகாரியாக இருந்த காலத்தில், என் நாற்காலி பழுதாகவே இல்லை என்று கேலி செய்வார்கள், அவ்வளவுக்கு நான் அதில் உட்காருவதில்லை. இதை எழுத ஆரம்பித்த பிறகும் இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இப்படித்தான் ஆகிறது.

எங்கள் கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடைவீதி வியாபாரிகள் நாலைந்து பேர் அவசரமாக வருவார்கள். பள்ளிவாசலில் ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகியிருக்கும், வரிசையில் நிற்க ஏலாது. காசுப் பையையும் நிரப்பிய வைப்புத் துண்டையும் காசாளரிடம் கொடுத்து, "தொழுதுட்டு வாறேன், எண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காசாளர் கை ஓய்ந்ததும் எண்ணிக் கணக்கில் போடுவார். அவர்கள் திரும்பி வந்து முத்திரை குத்திய துண்டை வாங்கிக்கொண்டு போவார்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் இது இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நானும் அப்படியே விட்டேன். ஒரு நாளும் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. எதிரே இருக்கிற வங்கியில் இந்த மரியாதை கிடைக்காது என்று எங்களுக்கு ஒரு பெருமை வேறு.

அப்படிப் பை வைத்துவிட்டுப் போகிறவர்களில் ஒருவர் நஸீர் ஹாஜியார். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிக் கொழும்பில் ஏற்றுமதி செய்கிறவருக்கு அனுப்புகிறவர். கடை சின்னது, ஆனால் இரத்தோட்டைப் பக்கத்து விவசாயிகள் முக்கால்வாசிப் பேர் சரக்கை அவரிடம்தான் போடுவார்கள். தராசைத் தொட மாட்டார் என்பார்கள், அதாவது எடையில் விரல் வைக்காதவர். கராம்புக் காலத்தில் வியாழக்கிழமைதான் அவர் கடையில் கொள்முதல் நாள்.

நான் சொல்லும் வெள்ளிக்கிழமை தோட்டத் தொழிலாளர் சம்பளம் கணக்குகளில் விழுந்த நாள். வங்கிக் கதவுக்கு வெளியே படி வரைக்கும் கூட்டம். மேனேஜர் கண்டிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். காசு வாங்கும் கருமபீடத்தில் கலா என்கிற காசாளர் மட்டும். ஹாஜியார் வந்து பையைக் கொடுத்திருக்கிறார், கலா வாங்கிக் கால்மாட்டில் வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவளுக்குக் குனிய நேரமில்லை.

நான் உள் அறையில் இருந்தேன். மற்ற வங்கிகளில் போடப்பட்ட எங்கள் காசோலைகளின் படங்கள் அன்று காலையே திரைக்கு வந்துவிட்டன. பணம் போதாதவற்றை இன்ன நேரத்துக்குள் திருப்பாவிட்டால் அவை செலுத்தப்பட்டதாக ஆகிவிடும். மூன்று பெயர்கள் மிச்சம். இரண்டு பேர் மாதம் தவறாமல் இப்படிச் செய்கிறவர்கள். மூன்றாவது நஸீர் ஹாஜியார், இரத்தோட்டைச் சுப்பையா என்பவருக்கு எழுதிய மூன்று இலட்சத்துச் சொச்சம்.

ஹாஜியாரின் கைபேசிக்கு எடுத்தேன். அணைத்து வைத்திருந்தார், தொழுகையில் இருக்கிற மனுஷன் வேறென்ன செய்வார். பத்து நிமிஷம் இருந்தது. என் அறையிலிருந்து கலாவின் கருமபீடத்துக்கு இருபது எட்டுத் தூரம்தான். வேறு எந்த வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் போய், "ஹாஜியார் பை வச்சாரா?" என்று கேட்டிருப்பேன். பல தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு ஆசிரியர் தொலைபேசியில் தன் கடன் விண்ணப்பத்துக்காக என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நானும் விடவில்லை, பதிலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் மவுஸ். மூன்று பெயரையும் ஒன்றாகத் தெரிவு செய்து ஒரே அழுத்தில் திருப்பிவிட்டேன். நாற்காலியில் தங்காத நான் அன்றைக்கு அந்த நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

ஒன்று பத்துக்கு ஹாஜியார் வந்திருக்கிறார். கலா அப்போதுதான் பையைத் தூக்கி எண்ணி, முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறாள். இரண்டரைக்கு நான் திரையில் ஏதோ பார்க்கப் போனபோது அவர் கணக்கில் நாலரை இலட்சம் இருக்கிறது. எழுந்து ஓடினேன்.

"கலா, ஹாஜியார் காசு எப்ப வந்துச்சு?"

"பன்னெண்டுக்கு முந்தியே வந்துருச்சுக்கா. கால்மாட்டுலதான் இருந்துச்சு. எண்ண முடியல, கூட்டத்தப் பாத்தீங்கதானே."

அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தெரிந்ததும் அழ ஆரம்பித்தாள். "ஏன்க்கா என்கிட்ட கேக்கல?" என்று ஒரு தடவைதான் கேட்டாள்.

திருப்பி அழைக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது, திருப்பிய படம் மற்ற வங்கிக்குப் போய்விட்டது. சரி, அப்போதே என்ன செய்திருக்க வேண்டும்? ஹாஜியாரின் கடை எங்களிடமிருந்து நடந்து போகும் தூரம். போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சுப்பையாவின் வங்கிக்கும் ஒரு தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேனேஜரிடம் சொல்லாமல் வெளியில் பேசக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அது சட்டமில்லை, பயம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அலுமாரியை ஒதுக்கினேன், மேசை லாச்சிகளை இழுத்துக் கொட்டி அடுக்கினேன். என் வீட்டுக்காரர், "வங்கியில என்ன நடந்துச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். பொத்தானை அழுத்தியது பத்து நிமிஷ அவசரத்தில் நடந்தது. இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது நான் யோசித்துச் செய்தது. எதற்காக என் மேல் கோபம் என்று கேட்டால், எனக்கு இரண்டாவதற்காகத்தான் கோபம்.

திங்கள் காலை, நான் மேனேஜரிடம் சொல்வதற்கு முன்பே, ஹாஜியார் வந்துவிட்டார். வெள்ளை ஜுப்பா, தொப்பி, கையில் ஒரு தாள். காசோலையின் நகலும், அதோடு போகும் துண்டும். அந்தத் துண்டில் நாம் போடும் வாசகம் உங்களுக்குத் தெரியும்: எழுதியவரிடம் கேட்டுக்கொள்ளவும். பார்க்க மரியாதையான வாக்கியம். மாத்தளையில் அதைப் படிக்கிற எவருக்கும் அர்த்தம் ஒன்றுதான், இவரிடம் காசில்லை.

"மிஸ், இது என்ன?" என்றார். சத்தம் போடவில்லை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"காலைல சுப்பையாண்ணன் மொத பஸ்ல வந்தாரு. கடைல பத்துப் பதினஞ்சு பேர் இருந்தாங்க. எல்லார் முன்னாலயும் என்னய களவன்னு சொன்னாரு. முப்பது வருஷமா எண்ட கடைக்கு வார மனுஷன், மிஸ். இதுவரைக்கும் செக்கே எடுக்காதவரு. நான்தான் சொன்னேன், இவ்வளவு காச பஸ்ல கொண்டு போக வேணாம், செக் எடுங்க, என்ன நம்புங்கன்னு."

சுப்பையா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். ஓய்ந்தபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் வாங்கிய சின்னத் துண்டு நிலத்தில் கராம்பு மரங்கள். தன்னுடையதோடு பக்கத்து வீட்டுக்காரர்களின் கராம்பையும் சேர்த்துக் கொண்டுவந்து போடுவார். அந்தக் காசோலை நாலு வீட்டுக் காசு. அது திரும்பியதும் மற்ற மூன்று வீட்டாரும், இவர் காசை வாங்கி எங்கோ வைத்துவிட்டுக் கதை சொல்கிறார் என்று முணுமுணுத்திருக்கிறார்கள். அந்த வேகத்தில்தான் அவர் வந்து கத்தியிருக்கிறார்.

"காசு போனா போகட்டும்" என்றார் ஹாஜியார். "வியாழக்கிழமைக்கு யாரும் சாக்கு கொண்டு வர மாட்டாங்க. சனிக்கிழமை கொழும்புக்கு லொறி போகணும். வாக்குக் குடுத்திருக்கேன். லொறி காலியா போனா அந்தாள் அடுத்த வருஷம் வேற ஆளப் பாப்பாரு. அதோட எண்ட கடை முடிஞ்சிரும். நான் என்ன தப்பு செஞ்சேன் மிஸ்? ஒங்கட கைலதானே காசக் குடுத்தேன்?"

நான் அப்போதாவது "நீங்க செய்யல, நாங்கதான்" என்று சொல்லியிருக்கலாம். "மேனேஜர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன் ஹாஜியார்" என்றேன். அவர் தாளை மடித்துக்கொண்டு போனார்.

மேனேஜர் கெட்ட மனுஷன் இல்லை. இடமாற்றம் கிடைக்கப் போகும் நேரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இப்படி அவருக்கும் நூறு கவலை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதப் பாருங்க. செக் திரும்பினது தொழுகை நேரத்துல. முத்திரை குத்தினது அதுக்குப் பொறகு. பேப்பர் சுத்தமா இருக்கு. ரிசீட் இல்லாத காசு வங்கிக்கு வராத காசு. நீங்களா ஏன் அத அழுக்காக்குறீங்க?"

"காசு நம்ம காலடியில இருந்துச்சு சார்."

"யாருக்குத் தெரியும்?"

"கலாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். கெமராவுக்குத் தெரியும்."

"கெமரா கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிரும்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே கூசியிருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மேல பிராந்தியக் கந்தோருக்கு அறிக்கை எழுதுங்க. அவங்க பதில் வரட்டும். ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் எழுத வேணாம். கலாவோட வேலையையும் யோசிங்க. ஒங்களுக்கும் பதவி உயர்வு நேர்முகம் வருது."

இதிலே ஒன்றுகூடப் பொய்யில்லை, அதுதான் என்னை வாட்டியது. இரண்டு மூன்று வாரம் என்றால் கராம்புக் காலம் முடிந்துவிடும். நான் பகல் முழுக்கக் கிளைக்குள் நடந்தேன். கடைவீதி ஜன்னல் வழியாகப் பார்த்தால், இரத்தோட்டையிலிருந்து வருகிற சாக்குகள் ஹாஜியார் கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போகின்றன. ஒவ்வொரு சாக்கையும் என் தலையில் ஏற்றுவது போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்தேன். தலைமையகச் சட்டப் பிரிவில் ஒரு அம்மணி இருந்தார். நேரில் பார்த்ததே இல்லை, தொலைபேசியில் குரல் மட்டும் பழக்கம். எப்போதும் எங்கள் அறிக்கைகளில் பிழை பிடிப்பவர், எங்களுக்கு அவரைப் பிடிக்காது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சட்டம் எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார்.

"இதுக்கு முந்தி, பை எண்ணாம இருக்கிற நேரத்துல அவரோட செக் வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"அப்ப என்ன செய்வீங்க?"

"காசாளர்கிட்ட கேட்டுட்டு பாஸ் பண்ணுவேன்."

"எத்தன தடவ அப்படிச் செஞ்சிருக்கீங்க?"

எனக்கு எண்ணத் தெரியவில்லை. அவ்வளவு தடவை.

"அப்படின்னா அது நீங்க காட்டுற சலுகை இல்ல" என்றார். "பையக் குடுத்தா காசு கணக்குல இருக்கிற மாதிரின்னு அவர நம்ப வச்சது நீங்கதான். எழுதல, கையெழுத்து இல்ல, ஆனா வருஷக்கணக்கா ரெண்டு பக்கமும் அப்படித்தான் நடந்திருக்கீங்க. ரிசீட் நேரத்தக் காட்டி இதுல இருந்து தப்ப முடியும்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

இதைத்தான் நீங்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் தம்பி, தங்கச்சிமாரே. நாம் வாடிக்கையாளருக்குச் செய்யும் சின்னச் சின்ன உபகாரங்களை, நாம் நினைத்தால் கொடுப்போம், நினைக்காவிட்டால் விடுவோம் என்று வைத்திருக்கிறோம். அவர் அதை நம்பித் தன் வியாபாரத்தை ஓட்டுகிறார். ஒரு நாள் நமக்கு வசதியில்லை என்றதும் விதிப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் அது எந்த ஊர் நியாயம்? பையை வாங்குவதானால் வாங்கிய நேரத்தை ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அது முடியாதென்றால் வாங்காதீர்கள், வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். ஏசிவிட்டுப் போவார், அது பரவாயில்லை.

"நான் என்ன செய்யட்டும்?" என்று அம்மணியிடம் கேட்டேன்.

"என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த அதிகாரம் இல்ல" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. வழக்கு வந்தா, தப்பு நடந்ததுன்னு எப்பத் தெரிஞ்சது, தெரிஞ்சதும் என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க. அவரோட பேரு நாசமாகிறத பாத்துக்கிட்டு ரெண்டு வாரம் கடிதத்துக்காகக் காத்திருந்தோம்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கும். வாடிக்கையாளரோட விஷயத்த மூணாம் ஆள்கிட்ட சொல்றதுன்னா அவரோட எழுத்துமூலச் சம்மதம் வேணும், அது தெரியும்தானே" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

செய்யச் சொல்லவில்லை. எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லிவிட்டார். அந்த அம்மணியை நான் அதற்கு முன்னால் எத்தனை தடவை திட்டியிருப்பேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முதல் வேலையாகக் கெமராப் பதிவைப் பிரதி எடுத்து முத்திரையிட்ட உறையில் போட்டுப் பெட்டகத்தில் வைத்தேன். மேனேஜர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. பிறகு கடிதம். புதன்கிழமை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை 'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று வந்தது. தவிர்த்திருக்கலாம், இருபது எட்டு நடந்திருந்தால் போதும். இரண்டாம் தடவை 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினேன். கணினி பாவம், அது என்ன செய்தது? மூன்றாவதில் 'ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின்'. களவன் என்று பத்துப் பேர் முன்னால் பேச்சு வாங்கியவருக்கு அசௌகரியமாம். நாலாவதில் கலாவின் பெயர் வந்துவிட்டது, அதையும் கிழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்:

'இந்த இலக்கக் காசோலைக்குத் தேவையான பணம் அந்த நேரத்தில் எங்கள் கிளைக்குள், எங்கள் கையில் இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்காமல் நாங்கள் காசோலையைத் திருப்பி அனுப்பினோம். தவறு எங்களுடையது, காசோலையை எழுதியவருடையது அல்ல. இதை மறுபடியும் வங்கியில் போட்டால் பணம் கிடைக்கும்.'

மேனேஜரிடம் கொண்டு போனேன். இரண்டு தடவை வாசித்தார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். "நான் போடுறேன் சார், எனக்கு அந்த அதிகாரம் இருக்கு" என்றேன். "நேர்முகம்?" என்றார். "வந்தா போறேன், இல்லாட்டி வீட்டுல இருக்கேன்" என்றேன். கலாவிடம் சொன்னபோது, "என் பேரையும் போடுங்கக்கா, பைய வாங்கினது நான்தானே" என்றாள். "நீ வாங்கினத நான் கேட்டிருக்கணும்டி, பேசாம இரு" என்றேன்.

ஹாஜியாரிடம் போய், நான் எழுதிய கடிதத்தையும் அவர் ஒப்பமிட வேண்டிய சம்மதத் தாளையும் நீட்டி, வெள்ளிக்கிழமை நடந்ததை முழுக்கச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை, ஆசிரியரோடு சண்டை போட்டது வரைக்கும்.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா ஒங்களுக்கு?" என்றார்.

"தெரியும்."

"திங்கக்கிழம நான் வந்து கேட்டப்பவும் தெரியும்."

"தெரியும் ஹாஜியார்."

"அப்ப சொல்லியிருக்கலாமே" என்றார். அதைவிடக் கடுமையாக அவர் எதுவும் சொல்லவில்லை. சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு, "கடிதம் எனக்கு வேணாம் மிஸ். எனக்குத் தெரியும்தானே நான் களவன் இல்லன்னு. வியாழக்கிழம வாங்க. வாரவங்க முன்னால நீங்க சொல்லுங்க" என்றார்.

வியாழன் காலை கடிதத்தைப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். கராம்புக் காலத்துக் கொள்முதல் நாளில் அந்தக் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு ஒன்பது பேர். அதிலும் பாதிப் பேர், முன்பு போட்ட சரக்குக்குக் காசு கிடைக்குமா என்று பார்க்க வந்தவர்கள். தராசு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் சுப்பையா, அவிழ்க்காத இரண்டு சாக்குகளோடு. எடை போடாமல் விட்டிருந்த தன் மிச்சக் கராம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார்.

நாற்காலி போட்டார்கள். நான் நின்றேன். தமிழில் வாசித்தேன், பிறகு சிங்களத்தில் சொன்னேன், மேல் கிராமங்களிலிருந்து சிங்கள ஆட்களும் வந்திருந்தார்கள். வாசித்து முடித்துவிட்டு, "திருப்பினது நான்தான். காசு உள்ள இருந்துச்சு, நான் பாக்கல" என்றும் சொன்னேன். அது கடிதத்தில் இல்லாத வாக்கியம். ஒருவர், "வங்கியும் பிழை விடுமா?" என்று சிங்களத்தில் கேட்டார். விடும் என்றேன். அவர் தன் சாக்கை இழுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

சுப்பையா என்னிடம் வந்தார். உயரமான, ஒடிசலான மனுஷன்.

"மிஸ், அப்ப இவரு மேல ஒரு பிழையும் இல்லையா?"

"இல்லீங்க."

"ஒரு பிழையும்?"

"ஒண்ணுமில்லீங்க. எல்லாம் எங்க பிழை."

அவர் ஹாஜியாரைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நான் இந்த மனுஷன களவன்னு சொல்லிட்டேன். இங்க மட்டுமில்ல. போற வழியெல்லாம் சொல்லிட்டுப் போனேன். பஸ்ல சொன்னேன், டீக்கடையில சொன்னேன், கோயில் வாசல்ல சொன்னேன்" என்றார். "வங்கிக்காரங்க தப்புக்கு நீங்க கடிதம் குடுத்துட்டீங்க. நான் சொன்னதுக்கு யாரு குடுப்பாங்க?"

"விடுங்க சுப்பையாண்ணே" என்றார் ஹாஜியார். "சாக்க நிறுக்கச் சொல்லுங்க."

"நிறுக்கட்டும், அது இருக்கட்டும்" என்று சுப்பையா என் கையிலிருந்த பிரதிகளைக் காட்டினார். "அதுல எனக்கு ஒண்ணு தாங்க மிஸ். ரெண்டாத் தாங்க, ஒண்ணு கிழிஞ்சாலும் இருக்கட்டும்."

கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் சாக்குகளை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார். கராம்பின் எடையைக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததை இரத்தோட்டையிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். அவருக்குச் சரளமாக வாசிக்கத் தெரியாது. பஸ்ஸில் ஏறி, படித்தவர் மாதிரி இருக்கிற யாரிடமாவது கடிதத்தைக் கொடுத்து, "சத்தமா வாசிங்க தம்பி, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்பாராம். வாசித்து முடித்ததும், "நான்தான் பொய் சொன்னேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி அடுத்த டீக்கடைக்குப் போவாராம். அன்றைக்கும் வெள்ளிக்கிழமையும் இதே வேலை. தன் பக்கத்து மூன்று வீட்டாரையும் ஒன்றாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். வெள்ளி மதியத்திலிருந்து சாக்குகள் ஹாஜியார் கடைக்கு வர ஆரம்பித்தன. சனிக்கிழமை லொறி போனது. நிரம்பவில்லை, முக்கால் லொறிதான். சிலர் அடுத்த தெருவில் விற்றுவிட்டார்கள், அவர்களில் சிலர் பிறகும் திரும்பி வரவில்லை. ஆனால் கொழும்புக்காரர் ஹாஜியாரை விடவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. கலாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பை வைக்கும் வழக்கத்தை நிறுத்தினோம், வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்குப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு தனி வரிசை போட்டோம். அந்த யோசனை ஏன் முதலிலேயே வரவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

நட்டஈடு பேசும் நேரம் வந்தபோது, வாடிக்கையாளரின் நற்பெயரை மீட்பதற்கு ஏற்பட்ட செலவுகளை ஒரு தாளில் எழுதி அனுப்பும்படி தலைமையகத்தில் கேட்டார்கள். தபால் செலவு, பிரதி எடுத்த செலவு, நான் கடைக்கு நடந்தே போனதால் அதற்கு ஒன்றுமில்லை. கடைசி வரியில், சுப்பையா, இரத்தோட்டை, இரண்டு நாள் பேருந்துக் கட்டணம் என்று எழுதினேன். அவர் எங்கள் ஊழியர் அல்ல, எங்கள் வாடிக்கையாளர்கூட அல்ல, பற்றுச்சீட்டும் இல்லை என்று கணக்காய்வில் அதைச் சிவப்பால் வெட்டித் திருப்பி அனுப்பினார்கள். செய்ய வேண்டியது எங்கள் வேலை, செய்தது அந்த மனுஷன், சொந்தக் காசில். தாளை எடுத்து, வெட்டிய வரிக்குக் கீழே அதே வரியை மறுபடியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.